மழை பொது, நட்டம் பொதுவல்ல: திருக்கேதீஸ்வரத் திருவிழாக் கடைகளும் காலநிலையும்

மகா சிவராத்திரிக்கு முதல்நாளே திருக்கேதீஸ்வரத்துக்குப் போகும் வீதியின் இரு பக்கமும் வியாபாரிகள் இடம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சிலர் லொறியின் பின்கதவை இறக்கி, அதையே மேசையாக்கிப் பிளாஸ்ரிக் வாளிகளையும் பேசின்களையும் அடுக்குவார்கள். சிலர் ஓட்டோவின் கம்பிகளில் விளையாட்டுச் சாமான்களைத் தொங்கவிடுவார்கள். இன்னும் பலர் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய உரப்பைகளை அவிழ்த்து, நிலத்தில் ஒரு படங்கை விரித்து, அதன்மேல் காப்பு, மாலை, பொட்டுப் பெட்டி, பனையோலைப் பெட்டி என்று பரப்புவார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கச்சான் வறுக்கும் அடுப்புகள் புகையத் தொடங்கும்.

வானம் இருட்டும்போதுதான் இவர்களுக்கிடையிலான வித்தியாசம் தெரியவரும். லொறிக்காரர் பின்கதவை மூடிவிட்டு முன் ஆசனத்தில் ஏறி உட்காருவார். படங்கு விரித்தவருக்கு மூடக் கதவில்லை, ஏறி உட்கார ஆசனமும் இல்லை. விற்கப் பரப்பிய படங்கின் நான்கு மூலையையும் பிடித்து, சாமானோடு சேர்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு மழைக்குள் நிற்பார்.

போருக்குப் பின்னர் வடக்கில் கோயில் திருவிழாக்களிலும் வாராந்தச் சந்தைகளிலும் வீதியோரத்திலும் சிறு வியாபாரம் செய்து பிழைப்பவர்களில் கணிசமானோர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். அவர்களுக்கு மோசமான காலநிலை என்பது வெறும் அசௌகரியமல்ல. அடுத்த ஆறு மாதக் கடன் தவணை அதில்தான் தங்கியிருக்கிறது. மன்னார்ப் பக்கத்துத் திருவிழா வியாபாரத்தை வைத்து, மழையிலும் பனியிலும் காற்றிலும் விற்பவரும் வாங்குபவரும் தெரிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வணிகம் பழகிய மண்

திருக்கேதீஸ்வரம் அமைந்திருக்கும் மாந்தை, பழைய மாதோட்டத் துறைமுகம். 1980களில் அங்கு நடந்த அகழாய்வுகளில் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசியாவிலிருந்து வந்த பாண்டங்களும் கிடைத்தன. கடல் கடந்து வந்த சரக்கு கைமாறிய இடம் அது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அந்தத் தலம் 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதனை மீளக் கட்டியெழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872 இல் வேண்டுகோள் விடுத்தார்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கோயிற் சூழல் ஆண்டுக்கணக்கில் இராணுவத்தின் பிடியில் இருந்தது. மதவாச்சி - தலைமன்னார் ரயில் பாதையும் அதே ஆண்டில் நின்றுபோனது. 2015 மார்ச்சில்தான் தலைமன்னார்த் துறை வரை ரயில் மீண்டும் ஓடியது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக நேரே மன்னாருக்கு வரமுடிகிறது. வீதியும் ரயிலும் வந்தபின் சிவராத்திரிக்குப் பல்லாயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். பாலாவித் தீர்த்தத்தை எடுத்துவந்து தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு வார்ப்பது இங்குள்ள வழக்கம். கூட்டம் வந்த இடத்துக்குக் கடையும் வந்தது. உள்ளூர்க் கடைகளோடு வெளிமாவட்ட லொறிகளும் சேர்ந்தே வந்தன.

எந்தத் திருவிழாவுக்கு எந்தக் காலநிலை

மன்னார் உலர்வலயம். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் மில்லிமீற்றர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு திருவிழா வியாபாரத்துக்கும் வேறுவேறு பயம் உண்டு.

நத்தார், புதுவருடக் காலத்தில் மன்னார் நகரில் போடப்படும் தற்காலிகக் கடைகளே அதிகம் மழையைச் சந்திப்பவை. 2020 டிசெம்பர் முதல் வாரத்தில் புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி மன்னார்ப் பக்கமாகக் கடலுக்குள் இறங்கியது. 2024 நவம்பர் இறுதியில் வந்த தாழமுக்கம் வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளியில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அருவி ஆறு பெருகியதில் மன்னார் மாவட்டமும் மோசமாகப் பாதிக்கப்பட்டது. மூன்றுமே, நத்தாருக்குச் சரக்கு வாங்கும் நேரத்தில் வந்தவை.

மடுமாதாவின் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குப் பொதுவாக மழைப் பயம் இல்லை. ஆனால் அது சோளகக் காலம். காற்று கொட்டிலைத் தூக்கும், புழுதி சாப்பாட்டில் விழும். மன்னார்த் தீவின் தென்கரையில் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான்.

சிவராத்திரி இவை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. 2022 இல் மார்ச் 1, 2023 இல் பெப்ரவரி 18, 2024 இல் மார்ச் 8, 2025 இல் பெப்ரவரி 26 என்று ஆண்டுக்காண்டு திகதி மாறும். பெப்ரவரியில் வந்தால் முக்கிய எதிரி மழையல்ல, மாசிப் பனி. இரவு முழுவதும் விழித்திருந்து விற்கும் வியாபாரம் என்பதால் விடிவதற்குள் துணியும் கடதாசிப் பெட்டியும் ஈரமாகிவிடும். மார்ச்சில் வந்தால் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தின் பின்னேர இடிமழையையும் எதிர்பார்க்க வேண்டும். மார்ச்சில் தாழமுக்கம் வராது என்றும் இருக்க முடியாது. 2022 இல் சிவராத்திரி முடிந்து இரண்டு நாளில் வங்கக் கடலில் ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று உருவாகி வடக்கு, கிழக்குக் கரையை நெருங்கியது. இரண்டு நாள் முந்தியிருந்தால் அந்த வருடக் கடைகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

என் பெரியம்மா ஒரு சிவராத்திரிக்குக் காப்பை அடகு வைத்து விளையாட்டுச் சாமான் வாங்கிக் கடை போட்டார். விடியப்புறம் மழை பெய்தது. பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் கடதாசிப் பெட்டிகள்தான் ஊறிக் கிழிந்தன. பெட்டி இல்லாத பொம்மையை எல்லோரும் அரை விலைக்குக் கேட்டார்கள், அவரும் கொடுத்தார். அடகை மீட்க அடுத்த வருடமாயிற்று. மழை பெய்ததற்காக அவர் யாரையும் நோகவில்லை. ஒரு பொலித்தீன் சுருள் வாங்காததைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது சரி என்பதைக் கணக்குப் போட்டால் விளங்கும். உதாரணத்துக்கு, ஒருவர் மாதம் நூற்றுக்கு நான்கு வட்டிக்கு 40,000 ரூபா கடன் எடுத்துச் சரக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு 5,000, போக்குவரத்துக்கு 4,000, ஒரு மாத வட்டி 1,600. மொத்தச் செலவு 50,600 ரூபா. சரக்கு முழுவதும் விற்றால் 62,000 வரும். இலாபம் 11,400.

மழை வந்து பாதிதான் விற்றது என்றால் கையில் 31,000 வரும். செலவைக் கழித்தால் 19,600 குறைகிறது. ஆனால் மீதிச் சரக்கு நனையாமல் இருந்தால் வாங்கிய விலையில் 20,000 ரூபாச் சாமான் கையிலிருக்கும். அதையும் சேர்த்தால் 400 ரூபா மிஞ்சும். உழைப்புக்குக் கூலி இல்லை, ஆனால் நட்டமும் இல்லை. அந்த மீதிச் சரக்கில் பாதி நனைந்து பழுதாகிவிட்டாலோ நட்டம் 9,600 ரூபா.

விற்பனை குறைவதை எவராலும் தடுக்க முடியாது. சரக்கு நனைவதைத் தடுக்கலாம். மழைநாள் வியாபாரத்தின் முதல் விதி இதுதான்: அன்றைக்கு விற்பதை விட, விற்காததைக் காப்பாற்றுவது பெரிது.

லண்டனில் எப்படி நடக்கிறது

பிரித்தானியாவில் இருக்கும் நம்மவர்களுக்குக் ‘கார் பூட் சேல்’ தெரிந்திருக்கும். ஞாயிறு காலையில் ஒரு வெளியிலோ கார்த் தரிப்பிடத்திலோ வாகனங்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் மிஞ்சிய சாமான்களை விற்பார்கள். ஸ்ரொக்போர்ட்டைச் சேர்ந்த ஹரி கிளார்க் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1970களில் கனடாவில் இப்படியொன்றைப் பார்த்துவிட்டு வந்து, தர்ம காரியத்துக்கு நிதி சேர்க்க அங்கு தொடங்கிவைத்தார் என்று சொல்லப்படுகிறது.

மழைக்குப் பேர்போன நாட்டில் இந்தச் சந்தை தாக்குப்பிடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. விற்பவரின் வாகனமே அவருக்குக் கூரை. பெரும்பாலான இடங்களில் இடக்கூலியை அன்று காலை வாசலில் கொடுத்தால் போதும். மழை என்றால் வீட்டில் நின்றுவிடலாம், நட்டமில்லை. புல்வெளியில் நடப்பவை சேறாகிவிட்டால் அன்றைய சந்தையையே நிறுத்திவிடுவார்கள். கொங்கிறீற் தரையில் நடப்பவை மழையிலும் நடக்கும்.

நம்முடைய நிலை இதற்கு மறுபக்கம். இங்கு ஏலத்திலோ கட்டணத்திலோ எடுக்கும் இடத்துக்குப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். திருவிழா வருடத்துக்கு ஒருமுறை, அடுத்த ஞாயிறு என்று ஒன்றில்லை. அங்கு விற்பது வீட்டில் மிஞ்சியது, இங்கு விற்பது கடனுக்கு வாங்கியது. மழையால் வரும் நட்டம் முழுவதும், அதைத் தாங்க ஆகக் குறைந்த வசதியுள்ளவரின் தலையில் விழுகிறது.

கடை போடுவோருக்கு

*இடம்.* நிழலையும் கூட்டத்தையும் மட்டும் பார்த்து இடம் பிடிக்க வேண்டாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். வீதியை விடத் தாழ்ந்த ஓரமும் மதகடியும் மழை வந்தால் வாய்க்காலாகும். மண்ணையும் கவனிக்க வேண்டும். மன்னார்த் தீவின் மணல் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் நனைந்தால் காலிலும் சில்லிலும் ஒட்டும், பாரமேற்றிய வாகனம் புதையும்.

*நிலம்.* நான்கு பக்கமும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, பள்ளமான பக்கத்துக்குத் தண்ணீரை விடுங்கள். இதை எங்கள் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2009 இல் மெனிக் பாம் கூடாரங்களில் ஓகஸ்ட் மழை புகுந்தபோது வெட்டிப் பழகிய வாய்க்கால்தான் அது. சரக்கை நிலத்தில் வைக்காமல், கல்லின்மேல் பலகை போட்டு ஓரடி உயர்த்தி வையுங்கள்.

*கூரை.* தறப்பாளைத் தட்டையாகக் கட்டினால் தண்ணீர் குளம்போல் தேங்கி, பாரத்தில் கிழியும். பின்பக்கம் சரிவாக இருக்கட்டும். கயிற்றை முளையில் மட்டும் நம்பாமல், மண் நிரப்பிய உரப்பைகளிலும் கட்டுங்கள். சோளகக் காலத்தில் காற்று அடிக்கும் பக்கத்தை முழுதாக மறைத்துவிடாதீர்கள். காற்றுப் போக வழியில்லாவிட்டால் கொட்டிலே கிளம்பும்.

*சரக்கு.* எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்ப வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மட்டும் வெளியே இருக்கட்டும். மீதி மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியிலோ, பொலித்தீன் உறையிட்ட பையிலோ இருக்கட்டும். மழை வந்தால் இரண்டு நிமிடத்தில் கட்டிவிடலாம். கடதாசிப் பெட்டியில் வரும் சாமானுக்குப் பெட்டியும் விலைதான், அதனையும் மூடிவையுங்கள். கச்சானைச் சிறுகச் சிறுக வறுத்து, இறுக மூடும் தகரத்தில் போடுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் விற்கும் நேரத்தில் உப்புச் சேர்ப்பது நல்லது. ஒடியல், புழுக்கொடியல், பனையோலைச் சாமான்கள் ஒருமுறை ஈரப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்தவற்றைக் காய்ந்தவற்றோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

*மழையில் விலைபோகும் சாமான்.* குடை, மழைக்கோட்டு, பொலித்தீன் பை, இறப்பர்ச் செருப்பு, தேத்தண்ணி, சுடச்சுடக் கடலை ஆகியவற்றுக்கு மழையில்தான் கேள்வி. முக்கிய சரக்கு எதுவானாலும் இவற்றில் ஒன்றைச் சிறிதளவு கையில் வைத்திருங்கள். மழை தொடங்கியதும் பதற்றத்தில் விலையைக் குறைக்காதீர்கள். ஒதுங்கி நிற்கும் கூட்டம் மழை விட்டதும் வெளியே வரும், அந்த நேரத்துக்குத் தயாராக இருப்பவருக்கே வியாபாரம்.

*மின்சாரம்.* மழையில் உயிரைப் பறிப்பது நட்டமல்ல, வயர். நிலத்தில் கிடக்கும் ஒட்டுப்போட்ட வயர், நனைந்த பல்ப் ஹோல்டர், கொட்டிலுக்குள் இயங்கும் ஜெனரேற்றர் மூன்றும் ஆபத்தானவை. ஜெனரேற்றரின் புகையும் நச்சு. பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. விளக்குப் போதும். இடி இடிக்கும்போது கம்பித் தூணைப் பிடித்துக்கொண்டோ மரத்தடியிலோ நிற்காதீர்கள். மூடிய வாகனம் பக்கத்தில் இருந்தால் அதற்குள் ஏறுங்கள்.

*தகவல்.* முதல்நாள் மாலையும் அன்று காலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பில் வட மாகாணத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

*கடனும் பதிவும்.* முதல் தவணையைத் திருவிழாவுக்கு அடுத்த கிழமையே வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கைந்து பேர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகச் சேர்ந்து ஒரு சிறு லொறியை வாடகைக்குப் பிடித்தால், போக்குவரத்துச் செலவும் பகிரப்படும், மழைக்குச் சரக்கை ஏற்றிவைக்க ஓர் இடமும் கிடைக்கும். சரக்கு வாங்கிய பில், இடக்கூலி கட்டிய பற்றுச்சீட்டு, கடையைப் பரப்பியதும் எடுத்த ஒரு படம் மூன்றையும் போனிலாவது வைத்திருங்கள். பதிவில்லாத வியாபாரத்தில் இழப்பை நிறுவுவது கடினம். பின்னாளில் நிவாரணம் என்று ஒன்று வந்தால் கிராம அலுவலரிடம் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

வாங்குவோருக்கு

மழைநாளில் மலிவாகக் கிடைப்பது எல்லாம் இலாபமல்ல. வெள்ளத்துக்குப் பின்வரும் மாதங்களில் தண்ணீரில் கிடந்த சாமான்களும் வீதியோரத்துக்கு வரக்கூடும். மின்சாதனம் வாங்கினால் திருகாணித் தலைகளில் துருவும், உள்ளே சேற்றுக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். இயக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஈரக் கையோடு இயக்கவும் வேண்டாம். மெத்தை, தலையணை, குழந்தைகளின் பஞ்சுப் பொம்மை ஆகியவற்றை மணந்து பாருங்கள். பூஞ்சண வாடை கழுவினாலும் போகாது.

பொதிசெய்த உணவில் காலாவதித் திகதி அழிந்திருந்தாலோ, தகரம் வீங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். திறந்துவைத்த இனிப்பில் மழைநீர் தெறித்திருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சுகாதாரக் கேடு இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், விலை, தரம் தொடர்பான முறைப்பாடு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திலும் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. நனைந்து நிற்பவரிடம் அரை விலைக்குக் கேட்பது சட்டவிரோதமல்ல. ஆனால் அந்தக் காப்பு வாங்கிய காசு எந்தக் காப்பை அடகு வைத்து வந்தது என்பது நமக்குத் தெரியாது.

சபைகள் செய்யக்கூடியவை

நெல் விதைத்தவருக்குப் பயிர்க் காப்புறுதி உண்டு. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களை நீக்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. காலநிலையால் வருமானம் அழியும், அப்போது கடனைத் தனியே சுமக்கவிடக் கூடாது என்ற நியாயத்தை அரசு ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் அது. அதே நியாயம் ஒருநாள் வியாபாரிக்கும் பொருந்தும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இடக்கூலியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கடை போடும் நாளில் வாங்கலாம். கடும் மழை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் மீதிப் பாதியைத் தள்ளுபடி செய்யலாம் என்று கேள்வி அறிவித்தலிலேயே எழுதலாம். மேடான இடங்களை, வாகனம் இல்லாத உள்ளூர் வியாபாரிகளுக்கு முதலில் ஒதுக்கலாம். வாகனத்தில் வருபவர் எங்கும் நிற்பார், எந்நேரமும் நகர்வார். மழை வந்தால் சரக்கைக் கொண்டுபோய் வைக்க ஒரு பொதுக் கொட்டிலும், வீதியோரத்தில் கிறவலும், ஒரு வடிகாலும் இருந்தால் போதும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சந்தைகளை நடத்தும் அதிகாரம் அந்தச் சட்டத்தின்படி சபைகளிடம் இருக்கிறது. கட்டணம் அறவிடும் அதிகாரத்தோடு கூரை கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

உள்ளூர் வியாபாரிக்கும் வெளிமாவட்ட லொறிக்கும் இடையில் ஒவ்வொரு பண்டிகைக்கும் எழும் மனக்கசப்பை இன, மதப் பிரச்சினையாகப் பேசுவது சுலபம். மன்னாரில் இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இருந்துதான் வியாபாரம் செய்கிறார்கள், இடம்பெயர்வின் காயம் மூவருக்குமே உண்டு. மழை நேரத்தில் அந்த வீதியில் நின்று பார்த்தால் பிரிவு வேறெங்கோ இருப்பது தெரியும். மூடக் கதவுள்ளவர் ஒரு பக்கம், மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் மறுபக்கம்.

அடுத்த சிவராத்திரிக்குக் கடை போட நினைப்பவர்கள் சரக்குப் பட்டியலின் முதல் வரியில் தறப்பாளையும் பொலித்தீன் சுருளையும் எழுதுங்கள். அவை விற்பனைக்கல்ல.